எழுதியதை நாமே பிழை திருத்துவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

கொழும்பில் 1930 இல் வீரகேசரியும் 1932 இல் தினகரனும் தொடங்கியபோது எழுத்துகளைக் கையால் கோத்துத்தான் அச்சடித்தார்கள். ஒருவர் மூலப் பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப்படியைப் பார்த்துத் திருத்துவது அந்தக்கால அச்சகங்களின் வழக்கம். இன்றைக்கு நாம் போனில் தட்டுவது நேரே வாசகரிடம் போய்விடுகிறது. நூல் வெளியிடுகிறவர்களிலும் பலர் பக்கங்களைத் தாங்களே வடிவமைத்து அச்சுக்குக் கொடுக்கிறார்கள். ஆகவே புரூப் பார்ப்பது இப்போது எழுதுகிறவரின் வேலை. அது நல்லது என்றும் நினைக்கிறேன். என்ன சொல்ல வந்தோம் என்பது நமக்குத்தானே சரியாகத் தெரியும்?

1. ஆறப்போடுங்கள்

எழுதி முடித்த கையோடு திருத்த உட்காராதீர்கள். சொல்ல நினைத்தது மனதில் சூடாக இருக்கும்வரை, விடுபட்ட சொல்லையும் கண் தானாக நிரப்பி வாசித்துவிடும். ஓர் இரவு போகட்டும். அப்புறம் பிரிண்ட் எடுத்து வாசியுங்கள். கொழும்பின் காலி வீதியில் போட்டோக்கொப்பிக் கடைக்கா பஞ்சம்? அதற்கு வசதியில்லை என்றால் எழுத்துருவையும் அளவையும் மாற்றுங்கள். பழகிய பக்கம் புதிதாகத் தெரிந்தாலே பாதிப் பிழை கண்ணில் படும்.

2. முதலில் பொருள், பெயர், திகதி

எழுத்துப்பிழையைப் பிறகு பார்க்கலாம். முதல் வாசிப்பில் செய்தி சரியா என்று மட்டும் பாருங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர், தொகை, திகதி எல்லாவற்றுக்கும் கீழே கோடு போட்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 'ஞாயிறு 14 ஆம் திகதி' என்றால் கலண்டரைப் பார்த்துவிடுங்கள்.

3. வரி வரியாக எழுத்து

ஒரு வெற்றுத்தாளால் கீழ்வரிகளை மறைத்துக்கொண்டு வாசியுங்கள். இந்தப் பத்தியில் பழகிப் பாருங்கள்:

"கடைகள் பூட்டிய பிறகு வெள்ளவத்தை கடற்கறையில் கூட்டம் சேறும். பெரியவர்கள் தண்டவாளத்தை தாண்டி போய் காற்று வாங்கும்."

கறை, சேறு இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். அதனால்தான் கணினியின் பிழைதிருத்தி 'சேறும்' என்பதைச் சிவப்புக்கோடு போடாமல் விட்டுவிடக்கூடும். இங்கே வேண்டியவை கடற்கரையும் சேரும் கூட்டமும். 'பெரியவர்கள்' என்று தொடங்கினால் 'வாங்குவார்கள்' என்றுதான் முடிய வேண்டும். நீண்ட வாக்கியங்களில் இந்தப் பிழை நிறையவே வரும். எழுவாயையும் பயனிலையையும் மட்டும் தனியே எடுத்துச் சேர்த்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

'தண்டவாளத்தைத் தாண்டிப் போய்' என்று ஒற்றும் போட வேண்டும். சந்தி என்றதும் பலர் பயப்படுகிறார்கள். தொடக்கத்துக்கு மூன்று இடங்களைப் பழகினால் போதும்: ஐ உருபுக்குப் பின், கு உருபுக்குப் பின், அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும். வீட்டைக் கட்டினார், கடைக்குப் போனார், அந்தப் பையன். இது வெறும் அலங்காரமில்லை. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' என்றால் யானைத்தந்தத்தில் செய்த பலகை.

4. கண்ணுக்குத் தெரியாத பிழைகள்

தட்டச்சில் மட்டுமே பிறக்கும் பிழைகள் இவை. 'கௌரவம்' என்பதில் வருவது ஔகாரக் குறி. பலர் ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்தும் போட்டு 'கெளரவம்' என்று தட்டுகிறார்கள். அதேபோல் 'ரி' எழுத்துக்குப் பதிலாகக் கால்குறியின்மேல் சுழி போடுவதும் உண்டு. திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் தேடும்போது அந்தச் சொல் அகப்படாது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகிய கைகளுக்கு இது எளிதில் வரும். கண்ணை நம்பாமல் தேடல் பெட்டியைத் திறந்து 'ெள', 'ாி' இரண்டையும் தேடுங்கள். கிடைப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். 'எல்லாவற்றையும் மாற்று' என்று கொடுத்தால் 'வெள்ளவத்தை'யும் கெட்டுப்போகும்.

5. ஒரே எழுத்துமுறை

நம் ஊரில் பெற்றோல் என்றும் எழுதுகிறோம், பெட்ரோல் என்றும் எழுதுகிறோம். எதை எடுத்தாலும் கடைசிவரை அதுவே இருக்கட்டும். போன் விசைப்பலகை பெரும்பாலும் தமிழகத்து எழுத்துமுறையையே முன்மொழியும், அது நீட்டுவதையெல்லாம் வாங்காதீர்கள். பெற்றோல் என்பது பிழையல்ல, நம் வழக்கு.

6. காதால் ஒருமுறை

பழைய அச்சக வழக்கத்தை இப்போது போனிடம் கொடுக்கலாம். தமிழை வாசித்துக்காட்டும் வசதி ஆன்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. போன் இருப்பதைத்தான் வாசிக்கும், நாம் நினைத்ததை வாசிக்காது. இரண்டு தடவை விழுந்த சொல்லும் விடுபட்ட சொல்லும் காதில் சட்டென்று இடறும். ஆனால் ர, ற வேறுபாட்டுக்குக் காதை நம்ப முடியாது, அதற்குக் கண்தான் வேண்டும்.

திருத்திய இடங்களை இன்னொரு முறை பாருங்கள். 'அவர்கள்' என்பதை 'அவர்' ஆக்கிவிட்டு 'வந்தார்கள்' என்பதை அப்படியே விட்டுவிடுவோம். இப்படிப்பட்ட பிழை திருத்தும்போதுதான் பிறக்கிறது. ஆகையால் மாற்றிய சொல்லை மட்டும் பார்க்காமல், அந்த வாக்கியம் முழுவதையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களோடு சேர்த்து வாசித்த பிறகே அனுப்புங்கள்.