நண்பர்கள் நடுவே போக்கர்: சிப்ஸ் எங்கே கரைகிறது?

கொண்டாட்டங்களில் போடும் போக்கர் மேசையில் பெரும்பாலும் ஆடுவது டெக்சஸ் ஹோல்டம்: கையில் 2 சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக 5. புதியவர்கள் சிப்ஸை (பந்தயம் வைக்கும் வில்லைகளை) விடுவது எதிராளியின் சாமர்த்தியத்தால் அல்ல, வந்த கையையெல்லாம் ஆடிப் பார்ப்பதால்தான்.

இரண்டுமே ஹார்ட்டின்தானே என்று ஒன்பதையும் இரண்டையும் வைத்துக்கொண்டு இறங்குவார்கள். கடைசிச் சீட்டு வரை நின்றாலும் அது ஃப்ளஷ் (ஒரே வகையில் ஐந்து சீட்டு) ஆவது 100-க்கு 6 முறை போல. ஜோடியில்லாத கைக்கு, முதலில் திறக்கும் 3 சீட்டில் ஒரு ஜோடியாவது கிடைப்பதும் மூன்றுக்கு ஒரு முறைதான். முதலில் பேசும் (என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லும்) இடத்தில் இருந்தால் பெரிய ஜோடி, ஏஸ்-கிங் போன்ற கைகளோடு நில்லுங்கள். கடைசியாகப் பேசும் இடத்தைக் காட்டும் டீலர் பட்டனை நெருங்கினால் கொஞ்சம் தாராளம் காட்டலாம். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள் அல்லவா?

அடுத்த ஓட்டை, கணக்குப் பார்க்காமல் கால் செய்வது, அதாவது எதிராளி வைத்ததற்குச் சமமாக வைப்பது. நாலாவது பொதுச் சீட்டும் விழுந்துவிட்டது, ஃப்ளஷுக்கு ஒன்று குறைகிறது. கண்ணில் படாத 46 சீட்டில் உதவுவது 9. 20 சதவீதம்கூட இல்லை. நடுக்குவியலில் 100 இருக்க எதிராளி 50 வைத்தால், 150-ஐப் பிடிக்க நீங்கள் 50 போட வேண்டும். நாலுக்கு ஒரு முறை ஜெயித்தால்தான் கட்டுப்படியாகும், அதனால் ஃபோல்ட் (சீட்டை மடக்கி விலகுவது). அவர் 20 மட்டும் வைத்தால் ஏழுக்கு ஒரு முறை போதும், தயங்காமல் கால் செய்யுங்கள்.

பிளஃப்பை, அதாவது மோசமான கையோடு பந்தயம் வைத்து மிரட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்க வந்தவர் 'என்னதான் வைத்திருக்கிறார்' என்று பார்க்கவே கால் செய்வார். அதே குணம்தான் நல்ல கை வரும்போது உங்களுக்கு லாபம். ஒளித்து ஆடாமல், நடுவில் உள்ளதில் பாதியிலிருந்து முக்கால் வரை வையுங்கள்.

பிளைண்ட் (சீட்டு வருமுன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம்) ஏறுவதையும் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பிளைண்டில் பெரியதான பிக் பிளைண்ட் 50-ஆக இருக்கும்போது 2000 சிப்ஸ் என்பது 40 மடங்கு. அது 200 ஆனதும் அதே 2000 வெறும் 10 மடங்கு. அந்த நிலையில் கால் செய்து சீட்டுப் பார்க்கப் போனால் கையிருப்பு கரைந்துவிடும். ஆல்-இன் (இருப்பதையெல்லாம் வைப்பது) அல்லது ஃபோல்ட்.

மேசை ஒழுங்கில் சில. முறை வருமுன் ஃபோல்ட் செய்தால், உங்களுக்கு முன் பேச வேண்டியவருக்கு இலவசத் தகவல் போகிறது. வாய் திறக்காமல் ஒரே பெரிய சிப்பைப் போட்டால் அது ரெய்ஸ் (பந்தயத்தை உயர்த்துவது) அல்ல, கால். 'ரெய்ஸ்' என்று சொல்லிவிட்டுத் தொகையை ஒரே தடவையில் நகர்த்துங்கள். சிப்ஸை நடுக்குவியலில் எறியாமல் உங்கள் முன்னால் வையுங்கள், டீலர் எண்ண முடியும். மடக்கிய சீட்டு எதுவென்று ஆட்டம் முடியும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்தாலும் அது இன்னும் ஆடிக்கொண்டிருப்பவருக்குச் செய்யும் அநியாயம்.