வெள்ளம் வந்து போகிற மாதிரி ஒரு ஆற்றங்கரைப் பூங்கா அமைப்பது எப்படி?

ஆற்றங்கரையில் பூங்கா என்றதும் பெஞ்சையும் நடைபாதையையும் வரைய ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் வரைய வேண்டியது தண்ணீர் ஏறும் கோடுகள். கோடையில் ஆறு எவ்வளவு அகலத்தில் ஓடுகிறது, வழக்கமான கனமழைக்கு எதுவரை வருகிறது, எப்போதோ வரும் பெருவெள்ளம் எதுவரை ஏறும்: இந்த மூன்றையும் வரைபடத்தில் போட்டுவிட்டால், எதை எங்கே வைப்பது என்ற கேள்வியில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. காலாங் ஆறு அங்கே முன்பு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக, பூங்காவை ஒட்டி, யாரும் இறங்க முடியாதபடி ஓடியது. கான்கிரீட்டை உடைத்து, ஆற்றைப் பூங்காவுக்குள்ளேயே வளைந்து ஓடவிட்டார்கள். 2012-ல் வேலை முடிந்தபோது அது 3.2 கிலோமீட்டர் ஆறு. 17 முதல் 24 மீட்டர் அகலத்தில் அடைபட்டிருந்த தண்ணீர் இப்போது பெருமழையில் 100 மீட்டர் வரை பரந்து போகலாம். மழை இல்லாத நாளில் அந்த இடமெல்லாம் புல்வெளி, பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

இந்த அகலம்தான் முக்கியம். செடி, கல், வளைவு எல்லாமே தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும், வேகம் குறைந்தால் அதே தண்ணீர் போக அதிக இடம் வேண்டும். பழைய கால்வாயின் அகலத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே செடி மட்டும் நட்டால் அடுத்த மழைக்கே பக்கத்துத் தெருவில் தண்ணீர் நிற்கும், அப்புறம் இயற்கை என்ற பேச்சையே மக்கள் கேட்க மாட்டார்கள். கணக்குப் போடும்போதும் நட்ட அன்று இருக்கும் கன்றை வைத்துப் போடாதீர்கள், ஐந்து வருடம் கழித்து அடர்ந்து நிற்கும் புதரை வைத்துப் போடுங்கள்.

சரி, கான்கிரீட்டை எடுத்துவிட்டால் கரை அரிக்காதா? அரிக்கும், சும்மா விட்டால். சுள்ளிக் கட்டுகளைக் கரையோடு புதைப்பது, கல்லுக்கு இடையில் செடி வைப்பது, நார் விரிப்பைப் போட்டு அதற்குள் நடுவது என்று வேர் பிடித்து மண்ணைக் கட்டும் முறைகள் நிறைய உண்டு. பீஷானில் முதலில் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு வாய்க்காலில் 10 முறைகளைப் போட்டுப் பார்த்து, தாக்குப்பிடித்த 7-ஐ மட்டும் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். நீங்களும் ஒரு மழைக்காலம் சோதனை செய்யாமல் முழுக் கரையில் கை வைக்காதீர்கள். வளைவின் வெளிப்பக்கத்தில்தான் தண்ணீர் மோதும், கல் அங்கே போகட்டும். உள்பக்கத்தில் சரிவை நன்றாகப் படுக்கவிட்டால் ஜனங்கள் உட்காருவார்கள்.

ஆட்களின் பாதுகாப்பில் சமரசமே கூடாது. வெப்பமண்டல மழையில் சற்றுமுன் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் சீக்கிரமே தாண்டுகற்களை மூடிவிடும். அதனால் தாழ்வான எந்த இடத்தில் நின்றாலும் மேட்டுக்கு ஏற வழி கண்ணெதிரே தெரிய வேண்டும், முட்டுச்சந்து மாதிரி முடியும் பாதை ஒன்றுகூட இருக்கக்கூடாது. நீர்மட்ட உணர்கருவி, அபாயச் சங்கு, எச்சரிக்கை விளக்கு இதெல்லாம் பூங்கா திறக்கும் அன்றே வேலை செய்ய வேண்டும். கழிப்பறை, மின்பெட்டி, சிறுவர் விளையாட்டுத் திடல் மூன்றும் பெருவெள்ளக் கோட்டுக்கு மேலே. கீழே இருக்கும் பெஞ்சு அடித்துப் போகாதபடி நன்றாகப் பதித்திருக்கட்டும்.

இடமே இல்லை என்றால்? நெதர்லாந்தின் நைமேகன் நகரில் வால் (Waal) என்ற ஆற்றுக்காகக் கரையையே 350 மீட்டர் ஊர்ப்பக்கமாகத் தள்ளிக் கட்டினார்கள், சுமார் 50 வீடுகள் போயின. பக்கத்தில் வெட்டிய புதுக் கால்வாயும் நடுவில் உண்டான தீவும் இன்று ஊர்க்காரர்கள் நடக்கவும் படகு ஓட்டவும் போகும் இடம். ஆனால் வீட்டை விட்டுப் போகிறவர்களிடம் வரைபடம் முடிவாகும் முன்பே பேசுங்கள், அது அவர்களுக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை.

பராமரிப்புக்குப் பணத்தை ஆரம்பத்திலேயே ஒதுக்குங்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில் சேறு, பிளாஸ்டிக் பை, முறிந்த கிளை எல்லாம் பாதையில் கிடக்கும். அள்ளுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து, சேறு எதுவரை படிந்திருக்கிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். நீங்கள் வரைந்த கோட்டைத் தாண்டியிருந்தால், வரைபடத்தைத் திருத்திவிட்டு அப்புறம் மண்வெட்டியை எடுங்கள்.