குழுவாகக் கரடி பார்க்கச் செல்வது எப்படி: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

காட்டுக் கரடியை அதன் இடத்திலேயே பார்க்க விரும்புவோர் தனியாகச் செல்வதைவிடக் குழுவாகச் செல்வதே நல்லது. ஆனால் பத்துப் பேர் ஒன்றாகப் புறப்பட்டு, காட்டுக்குள் ஆளுக்கொரு திசையில் நின்றால் அது குழு ஆகாது. கரடியின் கண்ணுக்கு நாம் எப்போதும் ஒரே திரளாகத் தெரிய வேண்டும். நம் அடுத்த அசைவு அதற்குத் திடுக்கிடலாக இருக்கக் கூடாது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு, அலாஸ்காவில் உள்ள மக்னீல் ஆற்றுச் சரணாலயம். கோடையில் சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறும்போது பழுப்புக் கரடிகள் அங்குள்ள அருவியில் பெருங்கூட்டமாகக் கூடுகின்றன. 1973 முதல் அங்கே அனுமதிச் சீட்டு பெற்றவர்கள் மட்டுமே, நாளொன்றுக்கு 10 பேர் வரை, வழிகாட்டியுடன் சென்று பார்க்கிறார்கள். மனிதரிடமிருந்து ஒரு கவளம்கூடக் கிடைத்தறியாத அந்தக் கரடிகள், வழக்கமான இடத்தில் அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதர்களைப் பொருட்படுத்துவதே இல்லை.

படி 1: புறப்படும் முன்

ஒருவரைத் தலைவராக ஏற்றுக்கொள்ளுங்கள். "நில்", "பின்வாங்கு" ஆகிய இரண்டுக்கும் கைச்சைகைகளை முடிவு செய்யுங்கள். குழந்தைகள் எப்போதும் நடுவில் வர வேண்டும். நாயை அழைத்துச் செல்லாதீர்கள். அது குரைத்துக் கரடியைச் சீண்டிவிட்டு, பயந்து உங்களிடமே திரும்பி ஓடிவரும்போது கரடியும் பின்னால் வரக்கூடும். அந்தப் பகுதியின் இடைவெளி விதியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடியிடமிருந்து குறைந்தது 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி.

படி 2: கரடி ஸ்பிரேயைக் கையாளப் பழகுதல்

அனுமதி உள்ள இடங்களில் இதைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். பாயும் கரடியைத் தடுக்க, மிளகாயின் காரப்பொருளான கப்சாய்சினை மேகம்போலப் பீய்ச்சும் இந்த டப்பா, முதுகுப்பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். அது இடுப்பு வாரிலோ மார்பு வாரிலோ தொங்க வேண்டும். வீட்டிலேயே, அழுத்தாமல், ஒத்திகை பாருங்கள்: கை உறைக்குப் போகட்டும், டப்பா வெளியே வரட்டும், கட்டைவிரல் பாதுகாப்புக் கொண்டியைத் தொடட்டும். கண்ணால் பார்க்காமலே இது கைவர வேண்டும். பெரும்பாலான டப்பாக்கள் ஏழு முதல் பன்னிரண்டு மீட்டர் தூரம்தான் பீய்ச்சும். சில விநாடிகளில் தீர்ந்தும்விடும். கொசுமருந்தைப் போல இதை உடம்பிலோ கூடாரத்திலோ பூசக் கூடாது. அது பூசியவரையே எரிக்கும். காய்ந்த எச்சத்தின் வாசனை கரடியை ஈர்க்கவும் கூடும்.

படி 3: நடக்கும்போது

ஒருவரையொருவர் நெருங்கிச் சேர்ந்து நடங்கள். வளைவு, புதர், ஓடும் நீரின் இரைச்சல் ஆகியவற்றை நெருங்கும்போது உரக்கப் பேசுங்கள், ஏனெனில் எதிர்பாராமல் அருகில் மனிதரைக் கண்டு திடுக்கிடும் கரடியே, அதிலும் குட்டிகளோடு இருக்கும் தாயே, பெரும்பாலும் பாய்கிறது. செத்த விலங்கின் நாற்றமோ காக்கைக் கூட்டமோ தென்பட்டால் அப்படியே திரும்பிவிடுங்கள். அந்த இரையைக் காத்துக்கொண்டு கரடி அருகிலேயே இருக்கலாம்.

படி 4: பார்க்கும்போது

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரலுக்குப் பின்னால் கரடி முழுவதும் மறையாவிட்டால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். விதி குறிப்பிடும் தூரம் அதைவிட அதிகமாக இருந்தால் விதியையே பின்பற்றுங்கள். கரடியைச் சூழ்ந்து நிற்காமல், அது விலகிச் செல்ல வழிவிட்டு ஒரே பக்கத்தில் நில்லுங்கள். படத்துக்காக ஒருவர் மட்டும் பத்தடி முன்னே போவதைத் தலைவர் ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது, ஏனெனில் குழுவின் பாதுகாப்பு குலைவது அந்தப் பத்தடியில்தான்.

படி 5: கரடியின் உடலைப் படித்தல்

கரடி இரண்டு காலில் எழுந்து நின்றால் பலரும் அலறிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது நன்றாகப் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவுமே எழுகிறது. உண்மையில் கவனிக்க வேண்டியவை சிறிய அறிகுறிகள். மேய்ந்துகொண்டிருந்த கரடி மேய்வதை நிறுத்துகிறது, தலையைத் தாழ்த்துகிறது, காதுகள் பின்னால் மடிகின்றன, வாயோரம் எச்சில் நூலாகத் தொங்குகிறது, தாடைகள் மோதும் "டக்" ஒலியும் "ஹஃப்" என்ற மூச்சும் கேட்கின்றன. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பின்வாங்கும் சைகையைக் காட்டிவிடுங்கள்.

படி 6: நெருங்கி வந்தால்

ஓடாதீர்கள். கரடி மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஓடுவது அதைத் துரத்தத் தூண்டும். தோளோடு தோள் சேர்ந்து நின்று, தாழ்ந்த குரலில் பேசியபடி, மெல்லப் பின்வாங்குங்கள். பாயத் தொடங்கினால் நின்ற இடத்திலேயே நின்று, ஒன்பது மீட்டருக்குள் வரும்போது அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே, எதிரே மேகம் எழும்படி ஸ்பிரேயை அழுத்துங்கள். பல பாய்ச்சல்கள் வெறும் மிரட்டலாகப் பாதியிலேயே நின்றுவிடும். தற்காப்புக்காகப் பாயும் பழுப்புக் கரடி உங்கள் மேல் விழுந்துவிட்டால், முதுகுப்பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொண்டு அசையாமல் இருங்கள். அமெரிக்கக் கருங்கரடி தாக்கினால் இறந்ததுபோல் கிடக்கக் கூடாது. கையில் கிடைத்ததைக் கொண்டு அதன் முகத்தில் அடித்துப் போராட வேண்டும்.

படி 7: திரும்பும்போது

தலைகளை எண்ணுங்கள். அமர்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்து, பழத்தோலையும் பிஸ்கட் துணுக்கையும் பொறுக்கிக்கொள்ளுங்கள். மனிதர் உணவின் ருசி கண்ட கரடி மனிதரைத் தேடி வரத் தொடங்கும். அப்படி வரும் கரடிகள் பல இடங்களில் கொல்லப்படுகின்றன. நீங்கள் விட்டுச் சென்ற அந்தத் துணுக்கை அடுத்து மோப்பம் பிடிப்பது, சற்றுமுன் தாயின் பின்னால் நீங்கள் பார்த்து மகிழ்ந்த குட்டியாகவும் இருக்கலாம்.