காந்தவாலில் வேகப் பாய்ச்சலைப் பிடிப்பது எப்படி, அது கொந்தளிப்புதானா என்று சோதிப்பது எப்படி

பூமியின் இரவுப் பக்கத்தில் காந்தப்புலம் வால்போல நீண்டு கிடக்கிறது. அதன் நடுவே சூடான பிளாஸ்மா படலம். மேலும் கீழும் ஏறக்குறைய வெறுமையான மடல்கள். படலத்தில் அயனிகள் பெரும்பாலும் மெதுவாகத்தான் அலையும். எப்போதாவது சில நிமிடங்களுக்கு நொடிக்கு 400 கி.மீ.க்கு மேல் பாயும். அந்தப் பாய்ச்சலைத் தரவில் கண்டுபிடிப்பதும், அதிலுள்ள காந்தப்புல ஏற்ற இறக்கம் கொந்தளிப்புதானா என்று சோதிப்பதும்தான் இங்கே வேலை. பைத்தானும் நம்பையும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கருவி பைஸ்பெடாஸ் (விண்கலத் தரவை இறக்கித் தரும் பைத்தான் நூலகம்), தரவுக் கோப்புகளை நீங்களே திறந்து மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 1: தரவு

2017 ஜூலை 11, உலக நேரம் 22:30 முதல் 22:40 வரை எடுங்கள். பூமியிலிருந்து சுமார் 22 புவி ஆரத் தொலைவில் இருந்த நாசாவின் நான்கு எம்.எம்.எஸ். விண்கலங்களும் அப்போது ஒரு காந்த மறுஇணைப்பு இடத்தை (எதிரெதிர் புலக்கோடுகள் அறுந்து புதிதாக இணைந்து பிளாஸ்மாவை இருபுறமும் உந்தும் இடம்) கடந்தன. 22:34 வாக்கில் எக்ஸ் அச்சில் (பூமியிலிருந்து சூரியனை நோக்கியது) திசைவேகம் எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிக்கு மாற வேண்டும். மாறவில்லையா, பிழை உங்கள் நிரலில்தான். காந்தமானியின் நொடிக்கு 16 அளவீடும், எஃப்.பி.ஐ. அயனிக் கருவியின் 4.5 நொடித் தரவும் போதும்.

படி 2: அச்சுகளைப் பொருத்துதல்

பலரும் வழுக்கி விழுவது இங்கேதான். காந்தப்புலம் ஜி.எஸ்.எம். அச்சிலும் (பூமியின் காந்த அச்சை ஒட்டியது) கிடைக்கும், ஜி.எஸ்.இ. அச்சிலும் (பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தை ஒட்டியது) கிடைக்கும். எஃப்.பி.ஐ. வேகமோ ஜி.எஸ்.இ.யில் வருகிறது. இரண்டையும் கலந்து பெருக்கினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எக்ஸ் அச்சு இரண்டுக்கும் பொது என்பதால் வரைபடமும் சரியாகவே தெரியும். ஒய், இசட் அச்சுகள் மட்டும் சில சமயம் 30 டிகிரிக்கும் மேல் திரும்பியிருக்கும். புலத்துக்குச் செங்குத்தான வேகம் சத்தமில்லாமல் தப்பாகிவிடும்.

செங்குத்து வேகத்தைப் புலத்தோடு புள்ளிப் பெருக்கல் செய்து பூச்சியம் வருகிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல; அச்சுகள் கலந்திருந்தாலும் பூச்சியம்தான் வரும். எல்லாவற்றையும் ஜி.எஸ்.இ.யில் ஒருமுறை, ஜி.எஸ்.எம்.மில் ஒருமுறை கணக்கிடுங்கள். செங்குத்து வேகத்தின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருந்தால் நிம்மதி.

எஃப்.பி.ஐ. நேரமுத்திரை அளவீட்டின் தொடக்கத்தைக் குறிக்கிறது. 2.25 நொடி நகர்த்தி மையத்துக்குக் கொண்டுவந்து, அந்த இடைவெளியில் விழும் 72 காந்த அளவீடுகளைச் சராசரி செய்யுங்கள். அருகில் இருக்கும் ஒற்றை அளவீட்டை எடுப்பது சோம்பேறித்தனம்.

படி 3: பாய்ச்சலைத் தேர்வு செய்தல்

ஆஞ்செலோபூலோஸும் சகாக்களும் 1992-இல் தந்த அளவுகோல் இன்றும் நல்ல தொடக்கம். வேகம் தொடர்ந்து 100 கி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். ஒருமுறையாவது 400-ஐத் தாண்ட வேண்டும். அயனி பீட்டா (அயனி அழுத்தத்துக்கும் காந்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) 0.5-க்கு மேல் இருக்க வேண்டும். 400-ஐத் தாண்டிய புள்ளிகளுக்கு நடுவே 10 நிமிடத்துக்கும் குறைவான இடைவெளி இருந்தால் எல்லாம் ஒரே பாய்ச்சல்.

பீட்டா: அடர்த்தியையும் (க.செ.மீ.க்கு) வெப்பநிலையையும் (எலக்ட்ரான் வோல்ட்) பெருக்கி, 0.403-ஆல் பெருக்கி, புலத்தின் (நானோடெஸ்லா) வர்க்கத்தால் வகுங்கள். 0.3, 5000, 10 என்றால் பீட்டா 6. படலத்தின் ஓரத்தில் புலத்தோடு ஓடும் அயனிக் கற்றைகளும் வேகத்தை ஏற்றிக் காட்டும் என்பதால் செங்குத்து வேகத்தையும் தனியே பாருங்கள். எஃப்.பி.ஐ. 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அளக்காது. மிகச் சூடான படலத்தில் அழுத்தம் குறைவாகவே தெரியும்.

படி 4: நிறமாலை

பாய்ச்சலின் முகப்பில் புலத்தின் இசட் கூறு திடீரென எகிறும். இந்த ஒற்றைப் படிக்கட்டே −2 சரிவுள்ள நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்ற வரைபடம்) தந்துவிடும். கொந்தளிப்புக்கு எதிர்பார்க்கும் −5/3-இலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். ஆகவே முகப்பை வெட்டிவிட்டு, அதன் பின்னால் வரும் பகுதியை மட்டும் எடுங்கள்.

வெல்ச் முறை (தரவைத் துண்டுகளாக்கி நிறமாலைகளைச் சராசரி செய்வது), ஹான் சாளரம், 1024 புள்ளித் துண்டுகள், பாதி மேற்படிவு. 10 நிமிடத் தரவில் 17 துண்டுகள் தேறும். பிறகு புல வேறுபாடுகளின் தட்டைத்தன்மையை (kurtosis; இயல்நிலைப் பரவலுக்கு 3) பாருங்கள். கால இடைவெளி குறையக் குறைய அது 3-இலிருந்து ஏறினால் நல்ல அறிகுறி. மிகப்பெரிய ஒரே தாவலை நீக்கியதும் அது சரிந்து விழுந்தால், கண்டது கொந்தளிப்பு அல்ல, ஒரு தனி அமைப்பு.

படி 5: அதிர்வெண்ணை நீளமாக்குதல்

டெய்லர் கருதுகோளை (பாய்ச்சல் அலைகளைவிட மிக வேகமானால், அமைப்புகள் மாறாமல் கலத்தைக் கடப்பதாகக் கொண்டு அதிர்வெண்ணை நீளமாக்கலாம் என்பது) கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். அடர்த்தி 0.3, புலம் 10 எனில் ஆல்வென் வேகம் (காந்தப்புலக் கோடுகளில் அலை ஓடும் வேகம்) சுமார் 400 கி.மீ. பாய்ச்சல் 500 என்றால் அது செல்லாது. படலத்தின் நடுத்தாளுக்கு (புலத்தின் திசை புரளும் இடம்) அருகே புலம் 3-ஆகக் குறைந்தால் ஆல்வென் வேகம் 120. அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பின்சேர்க்கை: வேகத்தின் நிறமாலையில் 0.05 ஹெர்ட்ஸில் கூர்மையான முகடு வந்தால் இயற்பியல் தேட வேண்டாம். கலம் 20 நொடிக்கு ஒருமுறை சுழல்கிறது. அதற்கான திருத்த மாறி எஃப்.பி.ஐ. கோப்பிலேயே இருக்கிறது, கழித்துவிடுங்கள்.