ஒரே சிம்பொனியை நான்கு முறை வாங்குவது எப்படி

மேற்கத்திய செவ்வியல் இசையைச் சேகரிக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, ஒரு பெரிய பெட்டித் தொகுப்பை வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். அறுபது சிடி. ஒரு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் உறையை விட்டு வெளியே வந்திருந்தது, மிச்சமெல்லாம் அலமாரிக்கு அழகு சேர்த்துக்கொண்டிருந்தது. அதனால் நான் சொல்லும் வழி நேர் எதிரானது: ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மூன்று நான்கு ஒலிப்பதிவுகளைத் தேடிப் பிடியுங்கள், ஒரு மாதம் வேறெதையும் தொடாதீர்கள்.

எழுதி வைத்த ஸ்வரம் எல்லோருக்கும் ஒன்றுதானே, பிறகு எதற்கு நான்கு என்று கேட்கலாம். தாளில் இருப்பது ஒன்றுதான். எவ்வளவு வேகம், எங்கே மூச்சு விடுவது, பித்தளைக் கருவிகளை எவ்வளவு மேலே விடுவது, ஒரு நிறுத்தத்தை எத்தனை நொடி இழுப்பது என்பதையெல்லாம் கோல் பிடித்து நிற்கும் கண்டக்டர்தான் முடிவு செய்கிறார். நீங்கள் சேகரிக்கப்போவது அந்த முடிவுகளை.

ஆர்க்கெஸ்ட்ராவுக்காக நான்கு பகுதிகளாக எழுதப்பட்ட பீத்தோவனின் 5வது சிம்பொனியை வைத்தே பார்ப்போம். எல்லோருக்கும் தெரிந்த தொடக்கம் என்பதால் அதில்தான் வித்தியாசம் சட்டென்று காதில் படும். கார்லோஸ் க்ளைபர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் 1974இல் பதிவு செய்ததை முதலில் கேளுங்கள். வில்லில் இருந்து விடுபட்ட அம்பு மாதிரிப் போகும், முதல் பகுதி ஏழு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஓட்டோ கிளெம்பரர் ஃபில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவுடன் 1959இல் செய்த ஸ்டீரியோ பதிவு. அதே பகுதிக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது, ஏன் இப்படி நடக்கிறார் என்று. மூன்றாவது தடவையில்தான் புரிந்தது, க்ளைபரிடம் வேகத்தில் கரைந்துபோன புல்லாங்குழலும் பஸூன் என்ற தாழ்குரல் மரக்குழலும் இங்கே தனித்தனியாக நின்று பேசுகின்றன. மூன்றாவதாக கண்டக்டர் ஃபுர்ட்வெங்லர், 1947 மே மாதம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் மேல் இருந்த தடை நீங்கி பெர்லின் ஃபில்ஹார்மோனிக் முன்னால் மறுபடியும் வந்து நின்ற நாள்களின் கச்சேரிப் பதிவு. சத்தம் பழையது, மோனோ, அரங்கில் யாரோ இருமுவது கேட்கும். பரவாயில்லை. நான்காவதாக, பீத்தோவன் காலத்து மாதிரிக் கருவிகளை வைத்து ஜான் எலியட் கார்டினர் 1990களில் வெளியிட்டது. டிம்பனி என்ற பெரிய முரசு தோல் மேளம்போலப் பட்டென்று அடிக்கும், தந்திகள் மெலிந்து ஒலிக்கும், வேகமோ க்ளைபரையும் மிஞ்சும்.

நான்கையும் மொத்தமாக ஒப்பிட உட்காராதீர்கள், தலை சுற்றும். இரண்டே இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, முதல் பகுதியில் தொடக்க மெட்டு திரும்பி வந்த சிறிது நேரத்தில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் நின்றுவிட, ஓபோ என்ற மரக்குழல் கருவி மட்டும் தனியாக ஒரு சின்ன வரியை மெதுவாக வாசிக்கும். சிலர் அதை அவசரமாகக் கடந்துபோவார்கள், சிலர் அந்த ஓபோக்காரருக்கு உலகத்தையே நிறுத்தி வைப்பார்கள். இரண்டாவது, மூன்றாம் பகுதி முடிந்து நான்காம் பகுதிக்குப் போகும் பாலம். தந்திகள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நிற்க, டிம்பனி மட்டும் காதில் விழுமா விழாதா என்ற அளவில் தட்டிக்கொண்டிருக்கும், பிறகு மெல்ல மெல்ல ஏறி, இடைவெளியே இல்லாமல் நான்காம் பகுதி வெடிக்கும். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த டிராம்போன்கள் (பித்தளைக் கருவி), பிக்கோலோ (சின்னப் புல்லாங்குழல்), கான்ட்ராபஸூன் (பஸூனை விடத் தாழ்ந்தது) மூன்றும் அந்த இடத்தில்தான் முதல் தடவையாக வாயைத் திறக்கின்றன. இந்த ஒரு நிமிடத்தை நான்கு பேரிடமும் கேட்டுவிட்டால், உங்களுக்கு யார் ஒத்துவருவார் என்று உங்கள் காதே சொல்லிவிடும்.

அந்தப் பாலத்தைச் சொன்னதும் இன்னொன்று. ஃபைலாகவோ ஸ்ட்ரீமிங்கிலோ கேட்பவர்கள் செயலியின் அமைப்புகளுக்குள் போய் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ட்ராக்குகளுக்கு நடுவில் இடைவெளி விழக்கூடாது. ஒன்று தேய்ந்து மற்றொன்று கலக்கும் கிராஸ்ஃபேட் வசதி அணைந்திருக்க வேண்டும். சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் வசதியும் வேண்டாம், ஏனென்றால் அது ட்ராக் ட்ராக்காக வேலை செய்தால் மெதுவான பகுதியைத் தூக்கிவிட்டு, வெடிக்க வேண்டிய இடத்தை அமுக்கிவிடும். நடுவில் அரை நொடி மௌனம் விழுந்தாலும் பீத்தோவன் கட்டிய பாலம் இடிந்தது என்று அர்த்தம். ஷஃபிளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? அட்டைப்படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். படைப்பு, கண்டக்டர், ஆர்க்கெஸ்ட்ரா, பதிவான ஆண்டு, முடிந்தால் இடம், இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் ஒரு பதிவின் அடையாளம். கண்டக்டர் கராயன் பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் இசைத்தட்டுக்காக முழுதாக நான்கு முறை பதிவு செய்திருக்கிறார்: 1950களில் ஃபில்ஹார்மோனியாவுடன் ஒன்று, பிறகு பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் 60களில், 70களில், 80களில் ஒவ்வொன்று. ஆக ‘கராயன், பீத்தோவன் 5’ என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொல்லவில்லை. கூர்ந்து பார்க்க வேண்டிய ஆண்டு பதிவான ஆண்டு. வட்டத்துக்குள் எழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருக்கும் ஆண்டு மறுவெளியீட்டுடையதாக இருக்கலாம். நான் இதைக் கவனிக்காமல் ஒரே பதிவை மூன்று வேறு அட்டைகளில் வாங்கி வைத்திருந்தேன், ‘மூன்றாவது கொஞ்சம் துடிப்பாக இருக்கிறது’ என்று ஒரு நண்பரிடம் விளக்கம் வேறு கொடுத்திருக்கிறேன்.

கண்டக்டர் பெயர் இருந்தாலும் ஆண்டும் இடமும் இல்லாத மிக மலிவான தொகுப்புகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஆல்பெர்ட்டோ லிட்ஸியோ என்ற பெயர் போட்ட சிடிகள் ஒரு காலத்தில் ஏராளமாகப் புழங்கின, அப்படி ஒரு கண்டக்டர் பிறக்கவே இல்லை. கேட்க மோசமில்லை என்பது வேறு கதை. மலிவு என்றாலே மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். 1987இல் தொடங்கிய நாக்ஸோஸ் என்ற இசை நிறுவனம் குறைந்த விலையிலேயே விற்றது, ஆனால் யார் வாசித்தார்கள் என்பதை ஒழுங்காக அச்சடித்தது.

எண்களிலும் குழி உண்டு. டுவோர்ஷாக்கின் ‘புதிய உலகிலிருந்து’ இன்று 9வது சிம்பொனி, பழைய எல்பி (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) உறைகளில் அதுவே 5வது. இரண்டும் வேறு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ஷூபர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனிக்கு 7, 8, 9 என்று மூன்று எண்களும் புழக்கத்தில் இருக்கின்றன, அங்கே டி 944 என்ற பட்டியல் எண்ணைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம். மொட்ஸார்ட்டின் 37வது என்று ஒன்று இருந்தால், அதன் மெதுவான முன்னுரை மட்டும்தான் அவருடையது, மற்றது மிகாயேல் ஹைடன் எழுதியது. ப்ருக்னர் விஷயம் இன்னும் சிக்கல். மனிதர் தன் சிம்பொனிகளைத் திருத்திக்கொண்டே இருந்தார், 4வதில் 1874 வடிவத்தின் மூன்றாம் பகுதியும் பின்னால் வந்த வடிவத்தின் மூன்றாம் பகுதியும் வேறு வேறு இசை. அவர் பக்கம் போவதற்கு முன்னால் உறையில் எந்த வடிவம், யாருடைய பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பழைய பதிவு வரை போகலாம் என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. கண்டக்டர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து பீத்தோவனின் அதே 5வதை 1913இல் பதிவு செய்தார், மைக் இல்லாத காலம், குழல் போன்ற ஒரு கொம்புக்கு முன்னால் எல்லோரும் நெருக்கிக்கொண்டு வாசித்தார்கள். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகுதான் ஆர்க்கெஸ்ட்ரா ஆர்க்கெஸ்ட்ராவாகக் கேட்கத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் கால 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடத்தைச் சுற்றித்தான் இடம், எனவே ஒரு சிம்பொனிக்கு எழுந்து எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். 1948இல் எல்பி வந்து அந்த அவஸ்தையைத் தீர்த்தது. பயப்படாமல் தொடங்க நல்ல இடம் 1950களின் கடைசி, அப்போது வந்த ஸ்டீரியோ பதிவுகள் பல இன்றும் வெட்கப்படாமல் நிற்கும்.

எல்பி வாங்குபவர்களுக்கு ஒரே ஒரு சோதனை. ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒலி சிதறுவது அதிகமாகும், சிம்பொனிக்காரர்களோ மிகப்பெரிய சத்தத்தைக் கடைசியில்தான் வைப்பார்கள். எனவே பழைய தட்டை வாங்கும் முன் முதல் நிமிடத்தைக் கேட்டு மயங்காதீர்கள், கடைசி இரண்டு நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்க வேண்டாம், நிற்க வையுங்கள். பழைய 78 தட்டுகளை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது, அவற்றில் இருக்கும் ஷெல்லாக் என்ற அரக்கு கரையும், அவற்றுக்கு ஊசியும் வேறு.

சிடிக்காரர்கள் தங்கள் பழைய தடித்த பெட்டிகளை இன்றைக்கே திறந்து பாருங்கள். உள்ளே தட்டு ஆடாமல் இருக்க ஒரு நுரைப் பஞ்சுத் துண்டு வைத்திருப்பார்கள், அது வருடக்கணக்கில் மக்கி சிடியின் மேல் ஒட்டிக்கொண்டு பதிவையே கெடுத்துவிடும். எனக்கு ஒரு முழு ஆபராவின் மூன்றாம் தட்டு இப்படித்தான் போனது. பஞ்சை எடுத்து எறிந்துவிடுங்கள், அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. துடைப்பதாக இருந்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, வட்டமாக வேண்டாம்.

அடுக்குவதற்கு இசையமைப்பாளர் பெயர் வரிசையே போதும். ஒரே தட்டில் இரண்டு பேர் இருந்தால் எதற்காக வாங்கினீர்களோ அவர் பக்கம். ஒரு நோட்டில் முன்பு சொன்ன ஐந்து விவரங்களையும், கேட்ட தேதியையும், ஒரு வரியில் என்ன தோன்றியது என்பதையும் எழுதுங்கள். ‘ஓபோ அழுகிறது’ என்று நான் எழுதி வைத்தது எந்த விமர்சனத்தையும் விட எனக்கு உபயோகமாக இருந்திருக்கிறது.

கேட்கும் விதத்துக்கு வருகிறேன். சத்தத்தின் அளவைத் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஷூபர்ட்டின் முடிவுறாத சிம்பொனி செல்லோவும் பாஸும் முணுமுணுக்கத்தான் தொடங்கும், அங்கே கேட்கவில்லையே என்று ஏற்றினால் சில நிமிடங்களில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அந்தப் படைப்பிலேயே பெரிய சத்தம் உள்ள இடத்தைத் தேடி, அது தாங்குகிற அளவுக்கு வைத்துவிட்டு, முதலில் இருந்து தொடங்குங்கள்.

ஸ்பீக்கர் இரண்டும் நீங்களும் ஒரு முக்கோணமாக அமையும்படி உட்காருங்கள், ஹெட்போன் என்றாலும் சரி, ஒருமுறை சாய்கோவ்ஸ்கியின் 6வது சிம்பொனியின் கடைசிப் பகுதியைப் போடுங்கள். முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மெட்டை மாற்றி மாற்றி வாசிக்கின்றன. இரு குழுவில் யாரும் அந்த மெட்டை முழுதாக வாசிப்பதில்லை, அது நம் காதில்தான் சேர்கிறது. இரண்டு குழுவையும் ஒரே பக்கம் உட்கார வைத்த பதிவில் இந்த வேலை தெரியாது. கிளெம்பரர் அவர்களை இடமும் வலமுமாகப் பிரித்து வைப்பவர், 1961இல் ஃபில்ஹார்மோனியாவுடன் அவர் பதிவு செய்ததில் மெட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளாடுவதைக் கேட்கலாம். கூடவே ஸ்கோரையும் (எல்லாக் கருவிகளின் ஸ்வரமும் எழுதிய தாள்) பார்க்க ஆசையிருந்தால், ஐஎம்எஸ்எல்பி தளத்தில் உரிமைக்காலம் முடிந்தவை இலவசமாகக் கிடைக்கும். ஸ்வரம் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வரிகள் ஏறி இறங்குவதைப் பின்தொடர்ந்தாலே போதும்.

அந்தப் பகுதி முடியும்போது செல்லோவும் பாஸும் மட்டும் மிஞ்சி, மெல்ல மெல்ல அடங்கி, எப்போது நின்றது என்றே தெரியாமல் நிற்கும். அந்த நேரம் பார்த்து செயலி தானாக வேறு ஏதோ ஒரு துள்ளல் மார்ச்சைப் போட்டுவிடும். தானாக அடுத்ததை ஓட்டும் அந்தப் பொத்தானையும் அணைத்து வையுங்கள்.