இடிஞ்சு கெடக்குற கட்டடத்த கம்ப்யூட்டர்ல சேக்குறது எப்படி? பூமாபுங்குவ வச்சு பாக்கலாம்

சிதைஞ்ச கட்டடத்த 3டில எழுப்பணும்னு நெனைக்கிற பல பேரு முதல் நாளே ப்ளெண்டர்ங்குற 3டி சாஃப்ட்வேர தொறந்து சுவரு கட்ட ஆரம்பிச்சிடுறாங்க, கடைசில பாத்தா கட்டடம் அழகா இருக்கும் ஆனா அதுல பாதி அவங்க கற்பனை. சுவர அப்பறம் பாத்துக்கலாம், முதல்ல கல்லு.

பொலிவியால டிட்டிகாகா ஏரிக்கு பக்கம் திவானாக்குங்குற பழைய ஊர்ல இடிஞ்சு கெடக்குற பூமாபுங்குவ எடுத்துக்கோங்க (ஏலியன் கட்டுனதுன்னு யூட்யூப்ல ஓடுதே, அதே எடம்தான்). நூத்தாண்டு கணக்கா ஆளாளுக்கு பேத்து எடுத்ததுல ஆண்டசைட் (எரிமலைப் பாறை) கல்லு ஒண்ணு கூட பழைய எடத்துல இல்ல. தொல்லியல் ஆய்வாளர் அலெக்ஸி வ்ரானிச் டீம் 2018ல என்ன பண்ணுச்சுன்னா, 140 ஆண்டசைட் துண்டையும் 17 மணற்கல் பலகையையும் 4 சதவீத அளவுல 3டி பிரிண்ட் எடுத்து கையால சேத்து பாத்தாங்க. அதுக்கு அளவு எங்கேந்து வந்துச்சு? ஸ்டூபெல், ஊலேன்னு ரெண்டு ஜெர்மன் ஆய்வாளருங்க 1892ல போட்ட புத்தகம் மாதிரி, ஒன்றரை நூத்தாண்டா பல பேரு அளந்து எழுதி வச்சதுலேந்துதான். அதனால கேமராவ தூக்குறதுக்கு முன்னாடி பழைய அளவு, வரைபடம், போட்டோ எல்லாத்தையும் தேடி எடுங்க, இன்னிக்கி காணாம போன கல்லு அதுல இருக்கும்.

அடுத்து ஒவ்வொரு கல்லையும் சுத்தி சுத்தி போட்டோ எடுத்து, அதுலேந்து 3டி மாடல் செய்யணும். அதுக்கு மேகமூட்டமான நாள்தான் நல்லது, வெயில்னா நிழலையும் சேத்து மாடல் ஆக்கிடும். ஜூம தொடாதீங்க, ஒவ்வொரு படமும் முன்னாடி படத்தோட முக்கால்வாசி ஒத்து போகணும், கல்லு பக்கத்துல அளவுகோல் ரெண்டு வைங்க. ஒண்ண வச்சு சைஸ் குடுத்துட்டு இன்னொண்ண வச்சு செக் பண்ணலாம், ஏன்னா போட்டோவ 3டி மாடலா மாத்துற மெஷ்ரூம் மாதிரி சாஃப்ட்வேர் உருவத்த குடுக்குமே தவிர சைஸ் அதுக்கு தெரியாது. பெரட்ட முடியாத கல்லுக்கு அடிப்பக்கம் ஓட்டையா வரும், அத அப்படியே விடுங்க. ஆட்டோமேட்டிக்கா அடைச்சா அந்த பொய்யான மொகம்தான் நாளைக்கு வேற எதோடயோ கச்சிதமா பொருந்தி தொலைக்கும்.

சேக்குறப்போ செதுக்கல் அழகுல மயங்காம பொருத்துற எடத்த பாருங்க. பூமாபுங்குல கல்லையும் கல்லையும் உலோகத்தால கட்ட ஐ வடிவத்துல குழி வெட்டிருக்காங்க, பாதி குழி ஒரு கல்லுல, மீதி பாதி பக்கத்து கல்லுல. குழியோட அகலமும் ஆழமும் ஒத்து வந்தா அது ஜோடியா இருக்க நல்ல வாய்ப்பு. ஆனா அங்க ஹெச் வடிவ கல்லெல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், அதனால ஒரு பொருத்தத்த மட்டும் நம்பாதீங்க.

ஸ்க்ரீன்ல சுத்தி சுத்தி பாத்து தலைய பிச்சிக்கிறதுக்கு சின்னதா பிரிண்ட் போட்டு கைல பெரட்டி பாக்குறது எவ்வளவோ மேல். அளவ மட்டும் யோசிச்சு முடிவு பண்ணுங்க. 4 சதவீதத்துல 7.81 மீட்டர் பலகை 31 செ.மீ. வரும், பல வீட்டு பிரிண்டர்ல அடங்காது, ரெண்டா வெட்டணும். 1 செ.மீ. குழி 0.4 மி.மீ. ஆயிடும், பிரிண்டர்ல பிளாஸ்டிக் வெளிய வர்ற முனை (நாசில்) சாதாரணமா அவ்வளவு அகலம்தான், அதனால சின்ன விவரம் பூரா அழிஞ்சிடும். குழி அளவ பிரிண்ட் மேலயே பேனாவால எழுதிடுங்க.

பொருத்தம் கெடச்சப்பறம்தான் ப்ளெண்டர். அங்க மூணு கலர் போதும்: கைல இருக்குற கல்லுக்கு ஒண்ணு, பக்கத்து கல்ல வச்சு கணிச்சதுக்கு ஒண்ணு, வெறும் யூகத்துக்கு ஒண்ணு. பளபளன்னு கடைசி படம் (ரெண்டர்) வெளியிட்டாலும் கலர் போட்ட ஃபைலையும் ஒரிஜினல் போட்டோவையும் கூடவே குடுங்க.