எண்ணெய் பாட்டிலைத் தராசில் வையுங்கள்: வீட்டுச் சாப்பாட்டுக்குக் கலோரிக் கணக்கு

போன வருடம் ஆடி மாதம் என் எடை 82 கிலோ. உயரம் 168 செ.மீ., வயது 43, நாள் முழுக்க நாற்காலி வேலை. இன்று காலை பார்த்தபோது 73. இடையில் பேலியோ, ஜூஸ், பட்டினி எதுவும் இல்லை. சோறு, சாம்பார், தோசை எல்லாம் உண்டு. ஆனால் முதல் ஐந்து வாரம் ஒழுங்காகக் கணக்கு எழுதியும் குறைந்தது 300 கிராம்தான். எங்கே தப்பு செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆகவே அந்த இடத்தில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டாம்.

1. தராசு

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். 5 கிலோ வரை தாங்க வேண்டும், 1 கிராம் துல்லியம் போதும். எண் தெரியும் இடம் தட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளாத மாடலாகப் பாருங்கள். அகலமான சட்டி வைத்தால் எண்ணே தெரியாமல், தரையில் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். பென்சில் பேட்டரி போடுகிற ரகம் நல்லது. பட்டன் பேட்டரி ராத்திரி எட்டு மணிக்குத் தீர்ந்தால் எந்தக் கடையில் போய்த் தேடுவது?

செயலியா நோட்டா என்று கேட்டால் நான் கூகுள் ஷீட் பக்கம். செயலிகளில் 'ஒரு கப் சாம்பார்' என்று போட்டால் ஏழெட்டு விடை வரும், ஒவ்வொன்றும் ஒரு எண். அந்தக் கப் யார் வீட்டுக் கப்போ!

2. ஒரு நாளைக்கு எவ்வளவு

உடம்பு ஒரு நாளில் சும்மா இருந்தே எவ்வளவு கலோரி எரிக்கும் என்று கணக்கிடும் மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் 1990-இல் வந்தது, இன்றும் அதைத்தான் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். எடை கிலோவில் × 10, உயரம் செ.மீ.யில் × 6.25, இரண்டையும் கூட்டி, வயது × 5-ஐக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள்.

எனக்கு 820 + 1050 − 215 + 5 = 1660. சும்மா படுத்திருந்தாலே உடம்பு எரிப்பது இது. அன்றாட நடமாட்டத்துக்காக இதை 1.2-ஆல் பெருக்கினால் 1992, அதுதான் ஒரு நாளின் மொத்தச் செலவு. வாரம் மூன்று நாள் நடப்பவர் 1.375 போடலாம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். போடாதீர்கள். ஆபீஸ் வேலைக்காரர்கள் எல்லாரும் 1.2 போடுவதே நல்லது. நாம் நடப்பதாக நினைப்பது வேறு, நடப்பது வேறு.

1992-இலிருந்து 350 கழித்து, சுமாராக 1650 என்று வைத்துக்கொண்டேன். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி. ஆக, வாரத்துக்கு 300 கிராம் சொச்சம் குறைய வேண்டும். கேட்க அல்பமாக இருக்கிறதா? பத்து மாதம் விடாமல் செய்ய முடிந்தது இந்த வேகத்தில்தான். 1200-க்குக் கீழே போகிற திட்டத்தை யார் கொடுத்தாலும், மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடாதீர்கள்.

3. எண்ணெய் (இங்கேதான் விழுந்தேன்)

அந்த ஐந்து வாரமும் ராத்திரி நாலு தோசை. தோசைக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் என்று எழுதிவந்தேன். நாலுக்கும் சேர்த்து 80 கலோரி. நானே சுட்டேன், நானே ஊற்றினேன், கண்ணால் பார்த்த அளவு. அதில் என்ன சந்தேகம் வரப்போகிறது?

ஆறாவது வாரம் எரிச்சலில் எண்ணெய் பாட்டிலையே தராசில் வைத்தேன். பூஜ்ஜியம் ஆக்கும் பட்டனை அழுத்திவிட்டு, எடுத்து ஊற்றி, திரும்ப வைத்தேன். தராசு மைனஸ் 8 என்றது. இரண்டாவது தோசையில் மைனஸ் 15. சுற்றி ஓரத்தில் விட்டு, நடுவில் ஒரு சொட்டு, திருப்பிப் போட்டதும் 'ஒட்டாமல் இருக்க' இன்னும் ஒரு சொட்டு. நாலு தோசை முடிந்தபோது மைனஸ் 31. கிராமுக்கு 9 கலோரி, மொத்தம் 279. நான் எழுதியது 80. நாளுக்கு 350 குறைக்கத் திட்டம் போட்டவன், ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் 200-ஐத் திருப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் பொரியலுக்குக் குழிக்கரண்டியால் ஊற்றியதை அளந்தபோது மீதிக் கணக்கும் விளங்கிவிட்டது.

ஆகவே செய்முறை இதுதான். பாட்டிலைத் தராசில் வைத்து பூஜ்ஜியமாக்குங்கள், ஊற்றுங்கள், திரும்ப வையுங்கள். மைனஸில் வருவதுதான் நீங்கள் ஊற்றியது. ஸ்பூன் கழுவும் வேலைகூட இல்லை. நெய் டப்பா, இட்லிப் பொடி, துருவிய தேங்காய்க் கிண்ணம் எல்லாவற்றுக்கும் இதே வழி.

வடை, அப்பளம் மாதிரிப் பொரிப்பதற்கு, பொரிக்கும் முன் எண்ணெயோடு வாணலியை நிறுங்கள். பொரித்து முடித்து, நன்றாக ஆறியபின் மறுபடி நிறுங்கள். கொதிக்கும் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு தராசுக்கு வராதீர்கள். எங்கள் வீட்டில் 250 கிராம் உளுந்தில் 12 மெதுவடை வந்தது, எண்ணெய் 66 கிராம் குறைந்திருந்தது. கணக்குப் போட்டால் வடைக்கு 120 கலோரி. பயந்த அளவுக்கு மோசமில்லை.

இன்னொன்று. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு அதே 9 கலோரிதான். மரச்செக்கில் ஆட்டியதும் அப்படித்தான். இதைச் சொன்னதற்கு ஒரு நண்பர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

4. குழம்புச் சட்டி

நாலு பேருக்குச் சமைத்த சாம்பாரில் நான் சாப்பிட்டது எவ்வளவு? இதற்குப் பயந்துதான் பலர் கணக்கையே விடுகிறார்கள். உண்மையில் சுலபம்.

வீட்டில் சமைக்கும் பாத்திரங்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாக நிறுத்து, எடைகளைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எங்கள் சாம்பார்ச் சட்டி 780 கிராம். அப்புறம் சமைக்கும்போது உள்ளே போவதை மட்டும் நிறுங்கள். ஒரு நாள் கணக்கு: துவரம்பருப்பு 100 கிராம் 340 கலோரி, எண்ணெய் 15 கிராம் 135, முருங்கைக்காய் கத்திரிக்காய் தக்காளி சின்ன வெங்காயம் எல்லாம் சேர்ந்து 120, புளி 40, பொடி 45. ஆக 680. இறக்கியபின் சட்டியோடு 2080 கிராம், சட்டியைக் கழித்தால் 1300. கிராமுக்கு 0.52 கலோரி. நான் தட்டில் ஊற்றிக்கொண்டது 210 கிராம், அதாவது 110 கலோரி. உப்பு, தண்ணீர், கறிவேப்பிலையை எல்லாம் எழுதவேண்டாம்.

சோற்றுக்கும் இதே வழிதான். அரிசி 400 கிராம் போட்டால் 1420 கலோரி. வெந்து 1150 கிராம் ஆனது, கிராமுக்கு 1.23. உங்கள் வீட்டில் தண்ணீர் கூட வைத்தால் இந்த எண் குறையும். ஆகவே ஊரார் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். நான் மத்தியானம் 420 கிராம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது தராசு சொல்லித்தான் தெரியும், அது 520 கலோரி. இப்போது 250 கிராம், மீதி இடத்தில் பொரியலும் சுண்டலும். கஞ்சி வடிக்கிற வீடு என்றால் கொஞ்சம் மாவுச்சத்து கஞ்சியோடு போய்விடும். அதைக் கழிக்காமலே எழுதுங்கள். தப்பு நம் பக்கம் சாதகமாகத்தான் இருக்கும்.

இட்லி மாவு: இட்லி அரிசி 800, உளுந்து 200, இரண்டும் சேர்ந்து 3500 கலோரி. அரைத்த மாவு 2600 கிராம் வந்தது, கிராமுக்கு 1.35. எங்கள் தட்டின் குழி ஒன்றுக்கு 45 கிராம் மாவு பிடிக்கிறது, ஆக இட்லிக்கு 60. எண்ணெய் இல்லாத இட்லியே ஜெயித்தது என்று நினைத்தால், கூட வருகிற தேங்காய்ச் சட்னியை நிறுத்துப் பாருங்கள்.

தட்டைத் தராசில் வைத்து நான் சோறு போட்டுக்கொள்வதைப் பார்த்து அம்மா சொன்னது: "நிறுத்துத் தின்னா உடம்புல ஒட்டாதுடா." ஒட்டக் கூடாதுன்னுதாம்மா நிறுக்கிறேன் என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது ரசச் சட்டியின் எடை அவருக்குத்தான் மனப்பாடம்.

5. பட்டியல்

அரிசிக்கும் பருப்புக்கும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்துப் பட்டியலைத்தான் நம்புகிறேன். 528 உணவுகள் இருக்கின்றன, நம் ஊர்க் கீரைகளுக்குத் தனிப் பக்கங்களே உண்டு. ஒரு கண்ணி: அதில் ஆற்றல் கலோரியில் இல்லை, கிலோஜூலில் இருக்கும். பச்சரிசிக்கு 1491 என்று பார்த்து ஒரு நிமிடம் மூச்சே நின்றுவிட்டது. 4.184-ஆல் வகுத்தால் 356. நூறு கிராமுக்கு அவ்வளவுதான்.

6. உடற்பயிற்சி

காலை உய்யகொண்டான் வாய்க்கால் கரையில் 45 நிமிடம் நடக்கிறேன். கைக்கடிகாரம் தாராளமாக 300, 350 என்று காட்டும். 82 கிலோ ஆள் சாதாரண வேகத்தில் 45 நிமிடம் நடந்தால் சுமார் 215 கலோரி. அந்த நேரத்தில் சும்மா இருந்தாலே 60 போயிருக்கும். நடந்ததற்கு என்று கிடைப்பது 150. திரும்பும் வழியில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட காபியும் போதும், கணக்கு தீர்ந்தது. ஆகவே உடற்பயிற்சிக் கலோரியைச் சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைக்காதீர்கள். நான் அந்தப் பத்தியே ஷீட்டில் வைக்கவில்லை.

அப்படியென்றால் எதற்கு நடப்பது? ரத்த அழுத்தம், தூக்கம், குறைத்த எடை திரும்ப ஏறாமலிருப்பது, இதற்கெல்லாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. இந்த இரண்டாவதை நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும், அதைத் தடுக்கத்தான் இது. ஜிம்முக்குப் போகக் கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே தோப்புக்கரணம் 15, சமையல் மேடையைப் பிடித்துத் தண்டால் 10, பாதி காலியான இருபது லிட்டர் கேனைக் குனிந்து தூக்கி இறக்குவது 10. மூன்று சுற்று. முதுகு வளையாமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். மூட்டுவலி இருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும்.

7. எடை பார்ப்பது

தினமும் காலையில், கழிவறை போய்வந்தபின், எதுவும் குடிக்கும் முன். ஒற்றை நாள் எண்ணை மதிக்காதீர்கள், வாரச் சராசரியை மட்டும் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒரு முகூர்த்தச் சாப்பாட்டுக்கு மறுநாள் எனக்கு 1.4 கிலோ ஏறியிருந்தது. அது கொழுப்பாக இருந்தால் செலவுக்கு மேல் பத்தாயிரத்துச் சொச்சம் கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். அந்தப் பந்தியில் அவ்வளவு பரிமாறவில்லை. உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த தண்ணீர் அது. மூன்றே நாளில் இறங்கிவிட்டது.

நாலு வாரம் ஆனதும் சூத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். எண்ணெயைத் திருத்தியபின் என் முதல் 28 நாள்: சராசரியாகச் சாப்பிட்டது 1680, குறைந்தது 1.1 கிலோ. 1.1 × 7700-ஐ 28-ஆல் வகுத்தால் 302. ஆக என் உடம்பின் உண்மையான செலவு 1980 சொச்சம். உங்களுக்கும் இப்படிப் போட்டு வருவதுதான் இனி உங்கள் எண். ஐந்து கிலோ குறைந்தபின் மறுபடி போடுங்கள், செலவும் கூடவே இறங்கியிருக்கும்.

பின்னால் சேர்த்தவை

சூடான சட்டியை வைத்துத் தராசின் மேல்தகடு வளைந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். பிரிமணையை முதலில் வைத்து பூஜ்ஜியமாக்கிவிட்டு, அதன்மேல் சட்டியை வையுங்கள். குக்கரோடு 5 கிலோ தாண்டுகிறது என்றால் சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றி நிறுப்பதைத் தவிர வழியில்லை.

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் எடை ஏறிக் கணக்கே குழம்புகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதுவும் பெரும்பாலும் தண்ணீர்தான். போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

ஓட்டல் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வீட்டுக் கணக்கோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்து எழுதுகிறேன். கொத்து பரோட்டா அன்று ஷீட்டை மூடிவைத்துவிடுகிறேன்.

கடைசியாக, எனக்கே தோன்றாத ஒரு கேள்வி: மறுநாள் சூடு பண்ணிய குழம்புக்கு அதே எண்ணா? இல்லை. தண்ணீர் வற்றியிருக்கும், கலோரி வற்றாது. மிச்சம் 500 கிராம் சாம்பார் இருந்தால் அதில் 260 கலோரி. சூடு பண்ணியபின் 430 கிராம் ஆகிவிட்டால் கிராமுக்கு 0.60. வத்தக்குழம்பை மூன்று நாள் சுண்டவைத்துச் சாப்பிடுகிற வீடுகளில் ஒவ்வொரு நாளும் சட்டியைத் திரும்ப நிறுக்கத்தான் வேண்டும்.